கவர் அச்சடிக்கும் முன் டிரேட்மார்க் தேடுவது எப்படி?

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். பெயரை முடிவு செய்கிறார்கள், லோகோ போடக் கொடுக்கிறார்கள், கவர் அச்சடிக்கிறார்கள், கடை கடையாகச் சரக்குப் போடுகிறார்கள். பெயர் நாலு பேருக்குத் தெரிய ஆரம்பித்த பிறகுதான், "இதை டிரேட்மார்க் பண்ணிடலாமா?" என்று விசாரிக்கிறார்கள். அந்தப் பெயரோ அதன் சாயலில் ஒன்றோ அதற்குள் வேறொருவர் கையில் இருந்தால் வக்கீல் நோட்டீஸ்தான் வந்து சேரும். அச்சடித்த கவர் எல்லாம் மூட்டையாகக் கிடக்கும். வாடிக்கையாளருக்குப் பழகிய பெயரை நடுவழியில் மாற்ற வேண்டியிருக்கும்.

தேடலை முதலில் வைத்துக்கொண்டால் இந்தச் சங்கடத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். மத்திய அரசின் ஐபி இந்தியா தளத்தில் டிரேட்மார்க் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ஆனால் பலரும் பெயரை ஒரே ஒரு முறை தட்டிப் பார்த்து, "ஒன்றும் வரலை" என்று எழுந்துவிடுகிறார்கள். அது தேடலில் கால்வாசிகூட இல்லை.

அதற்கு முன் ஒரு தப்பெண்ணத்தைக் களைந்துவிடுவோம். ஜிஎஸ்டி எண் வாங்கியாயிற்று, உத்யம் சான்றிதழ் இருக்கிறது, உணவுப் பாதுகாப்பு உரிமம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது, கம்பெனியே அந்தப் பெயரில் பதிவாகிவிட்டது, ஆகவே பெயர் நம்முடையது என்று நினைக்கிறார்கள். இவற்றில் எதுவும் பிராண்டின் மீது உரிமை தருவதில்லை. கம்பெனிப் பெயர் பதிவான பிறகும், அது தன் பதிவு பெற்ற டிரேட்மார்க்கோடு ஒத்திருக்கிறது என்று அதன் உரிமையாளர் முறையிட்டால், பெயரை மாற்றச் சொல்லி உத்தரவிடக் கம்பெனிகள் சட்டத்தின் 16-வது பிரிவு வழி செய்கிறது.

பெயர் பதிவுக்குத் தகுமா?

தளத்தைத் திறக்கும் முன், பெயரையே உற்றுப் பாருங்கள். பொருளை அப்படியே வர்ணிக்கிற பெயருக்கு 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 9-வது பிரிவு குறுக்கே நிற்கும். மரச்செக்கு எண்ணெய்க்கு "சுத்தம்", மசாலாவுக்கு "காரம்" என்று வைத்தால், தேடலில் யாரும் இல்லாவிட்டாலும் ஆட்சேபம் வரும். தரத்தைச் சொல்லும் சொற்களை எல்லா வியாபாரியும் பயன்படுத்தியாக வேண்டும் என்பதால், ஒருவருக்கு மட்டும் தரமாட்டார்கள்.

ஊர்ப் பெயருக்கும் இதே கதைதான். அதிலும் மணப்பாறை முறுக்கு, கோவில்பட்டி கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா போன்றவை புவிசார் குறியீடு பெற்றவை. அங்கே செய்யாத பொருளுக்கு அந்தப் பெயரை டிரேட்மார்க்காகக் கேட்டால் மறுத்துவிடுவார்கள். சாமி பெயர், புராணப் பெயர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஊதுபத்திக்கு "ராமாயண்" என்ற பெயரைத் தனியுரிமையாகக் கேட்டவருக்கு, புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்று கைவிரித்தது. தலைவர்கள், நடிகர்கள் பெயரும் சிக்கல்தான். உயிரோடு இருப்பவர் என்றால் அவரது சம்மதத்தையும், இறந்து 20 ஆண்டு ஆகாதவர் என்றால் அவருடைய வாரிசுகளின் சம்மதத்தையும் பதிவாளர் கேட்கலாம்.

இந்தச் சல்லடையில் தேறும் பெயர்களில் மூன்றையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரின் மீது மனதை வைத்துவிட்டவர்கள், பதிவேட்டில் கண்ணெதிரே தெரியும் தடையைக்கூடச் சின்னது என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

எந்த கிளாஸ்?

பதிவேடு 45 வகுப்புகளாகப் பிரிந்திருக்கிறது. 1 முதல் 34 வரை பொருள்கள், 35 முதல் 45 வரை சேவைகள். சமையல் எண்ணெய், ஊறுகாய், பால் பொருள்கள் 29-ல் வரும். மசாலாத் தூள், மாவு, காபி, டீ 30-ல். ஆயத்த ஆடை 25, சோப்பும் அழகுப் பொருளும் 3, மருந்து 5, கடை நடத்தி விற்பது 35, ஹோட்டல் 43. ஒரே தேங்காயெண்ணெய் சமையலுக்கு என்றால் 29-லும், தலைக்குத் தேய்க்க என்றால் 3-லும் போய் உட்காரும். இரண்டுக்கும் விற்கிறவர் இரண்டிலும் தேட வேண்டும்.

உங்கள் கிளாஸோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்து வகுப்புகளையும் பாருங்கள். எண்ணெய் விற்கிறவருக்கு 29 மட்டும் போதாது. 30, 31, 35, 43 எல்லாம் ஒரே சமையலறையைச் சுற்றித்தான் வருகின்றன. ஒரே விண்ணப்பத்தில் பல வகுப்புகளைக் கேட்டவர்களின் குறிகள் 99 என்ற எண்ணின் கீழ் நிற்கும், அதையும் தட்டிப் பாருங்கள். கிளாஸ் வேறு என்றால் கவலையில்லை என்பது பாதி உண்மை. கர்நாடகப் பால் கூட்டமைப்பின் "நந்தினி"யும் பெங்களூரு உணவகமான "நந்தினி டீலக்ஸ்"-உம் மோதிய வழக்கில் உணவகத்துக்குச் சாதகமாக 2018-ல் தீர்ப்பு வந்தது. ஆனால் அதற்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. சின்ன முதலீட்டில் தொடங்குகிறவருக்கு அந்த வெற்றிகூடக் கட்டுப்படியாகாது.

கண்ணால் ஒரு முறை, காதால் பல முறை

பொதுத் தேடல் பக்கத்தில் மூன்று வழிகள் இருக்கும்: வேர்ட்மார்க், ஃபொனெட்டிக், வியன்னா கோடு. ஓடிபி கேட்டால் கொடுத்து உள்ளே போங்கள். எடுத்துக்காட்டுக்கு, மரச்செக்கு எண்ணெய்க்கு "வேழம்" என்று பெயர் யோசிப்பதாக வைத்துக்கொள்வோம்.

வேர்ட்மார்க்கில் "ஸ்டார்ட்ஸ் வித்", "கன்டெய்ன்ஸ்", "மேட்ச் வித்" என்று மூன்று தேர்வுகள் உண்டு. "கன்டெய்ன்ஸ்" போட்டுத் தொடங்குங்கள். அப்போதுதான் "ஸ்ரீ வேழம்", "வேழம் கோல்டு" போன்றவையும் சிக்கும். முழுப் பெயரைத் தட்டாமல், பெயரின் உயிர்ப்பான பகுதியை மட்டும் தட்டுவது நல்லது. "டிரேடர்ஸ்", "ஃபுட்ஸ்", "ஆயில் மில்ஸ்" எல்லாம் தேடலில் வேண்டாம்.

தமிழ்ப் பெயர் வைக்கிறவர்களுக்குத்தான் இங்கே அதிக வேலை. பதிவேட்டில் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் கிடக்கின்றன, ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். "ழ" என்ற ஓர் எழுத்துக்கே இசட்-ஹெச் போடுகிறவர் உண்டு, வெறும் இசட் போடுகிறவர் உண்டு, எல் போடுகிறவரும் உண்டு. "வே" என்பதை வி-ஈ என்றும் வி-ஏ-ஈ என்றும் வி-ஈ-ஈ என்றும் எழுதுவார்கள். ஆக "வேழம்" ஒன்றுக்கே ஏழெட்டு எழுத்துக்கூட்டல்கள் தேறும். "த"வுக்கு டி, டி-ஹெச், டி-ஹெச்-ஏ; "ச"வுக்கு எஸ், சி-ஹெச், எஸ்-ஹெச்; நெடிலுக்கு ஒற்றை எழுத்தா இரட்டையா என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். அதே பட்டியலை ஃபொனெட்டிக் தேடலிலும் ஓட்டுங்கள். அந்தத் தேடல் ஆங்கில ஒலிப்பை வைத்துப் பொருத்துகிறது; நம் ழகரத்தையும் ளகரத்தையும் அது பிடித்துவிடும் என்று நம்பி விட்டுவிடக் கூடாது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, சென்னை மூக்குப்பொடி வழக்கு ஒன்று இருக்கிறது. "ஸ்ரீ அம்பாள்" என்ற பெயரில் ஒரு நிறுவனம் மூக்குப்பொடி விற்றுவந்தது. இன்னொருவர் "ஸ்ரீ ஆண்டாள்" என்ற லேபிளைப் பதியக் கேட்டார். லேபிள் வேறு, படம் வேறு. அம்பாள் சிவனின் தேவி, ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் வளர்த்த மகள். நம் ஊரில் இருவரையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மூக்குப்பொடி வாங்குகிறவர்களில் இந்த வேறுபாடு தெரியாத பிற மதத்தவரும் வெளியூர்க்காரர்களும் இருக்கிறார்கள், காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கின்றன என்று சொல்லி 1969-ல் உச்ச நீதிமன்றம் பதிவை மறுத்தது. அர்த்தம் வேறு என்பதோ படம் வேறு என்பதோ ஒலியின் ஒற்றுமையை மறைக்கவில்லை.

ஆகவே உங்கள் பெயரைக் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்பதுபோலச் சொல்லிப் பாருங்கள். போனில் சொன்னால் எப்படிக் காதில் விழும்? அவசரத்தில் எந்த எழுத்து தேயும்? "வேழம்" சத்தமான கடைத்தெருவில் "வேலம்" ஆகிவிடும், "வேளம்" ஆகிவிடும். அந்த வடிவங்களையும் தேடுங்கள். பிறகு அர்த்தத்துக்கு வாருங்கள். வேழம் என்றால் யானை, ஆகவே யானை, கஜம், ஹாத்தி, எலிஃபென்ட் என்று எண்ணெய் வகையில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

லோகோவிலும் யானைதான் வரப்போகிறது என்றால் வியன்னா கோடு தேடலும் தேவை. படங்களை விலங்கு, தாவரம், மனித உருவம் என்று எண் கொடுத்துப் பிரித்திருக்கிறார்கள். விலங்குகள் 3-வது வகை, தாவரங்கள் 5-வது. வெறும் எழுத்தாலான பெயர் என்றால் இதைத் தாண்டிப் போகலாம்.

வந்ததை எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு குறிக்கும் எதிரே ஒரு நிலை இருக்கும். "ரிஜிஸ்டர்ட்" என்றால் விளக்கம் தேவையில்லை. "அப்ஜெக்டட்" என்றால் அலுவலகமே ஆட்சேபம் எழுப்பியிருக்கிறது. "ஒப்போஸ்டு" என்றால் மூன்றாம் ஆள் எதிர்த்திருக்கிறார். இரண்டும் இன்னும் உயிரோடு இருப்பவை, தடையாகவே எண்ணுங்கள். "ரெஃப்யூஸ்டு", "அபாண்டன்ட்" என்று கண்டதும் குதிக்க வேண்டாம். விண்ணப்பம் செத்திருக்கலாம்; அந்த ஆள் அதே பெயரில் வியாபாரத்தைத் தொடரலாம். "ரிமூவ்ட்" என்றால் புதுப்பிக்காமல் நீக்கப்பட்டது. காலாவதியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் அதை மீட்டுக்கொள்ள உரிமையாளருக்குச் சட்டம் இடம் தருகிறது.

விவரப் பக்கத்தில் இரண்டு இடங்களைத் தவறாமல் பாருங்கள். ஒன்று, எந்தெந்தப் பொருளுக்குக் கேட்டிருக்கிறார்கள் என்ற பட்டியல். இன்னொன்று, எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது. இதோடு, இ-ஸ்டேட்டஸ் பகுதியில் அந்த விண்ணப்ப எண்ணைப் போட்டால் பரிசோதனை அறிக்கையும் அதற்கு அவர்கள் அனுப்பிய பதிலும் பெரும்பாலும் படிக்கக் கிடைக்கும். உங்கள் பெயருக்குக் கிட்டத்தட்ட வரும் ஒரு பெயருக்கு எதையெல்லாம் தடையாகக் காட்டினார்கள் என்பது அதில் இருக்கும். நாளை உங்களுக்கு எதைக் காட்டுவார்கள் என்பதை முன்கூட்டியே அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. பலர் இந்தப் பக்கத்தைத் திறப்பதேயில்லை.

பதிவேட்டுக்கு வெளியே

பதிவேடு சுத்தமாக இருந்தாலும் வேலை முடியவில்லை. இந்தியச் சட்டத்தில் பதிவு செய்தவரைவிட, முந்திப் பயன்படுத்தியவருக்கே கை ஓங்கும். இதற்குத் திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கைவிட நல்ல சாட்சி வேண்டாம். எதிர்த்தரப்பு "திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா" என்று பதிவே வைத்திருந்தது. அப்படியிருந்தும், 2015-ல் உச்ச நீதிமன்றம் தலைமுறைகளாக அந்தப் பெயரில் விற்றுவந்தவர்கள் பக்கமே நின்றது. ஏற்கெனவே இருக்கும் உரிமையைத்தான் பதிவு அங்கீகரிக்கிறது, இல்லாத உரிமையை உண்டாக்குவதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

எனவே கூகுள், அமேசான், இண்டியாமார்ட், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டல் பட்டியலை ஓட்டுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் கம்பெனிப் பெயர்களைப் பாருங்கள். டொமைன் பெயரையும் பாருங்கள். டொமைன் பெயருக்கும் டிரேட்மார்க் போலவே பாதுகாப்பு உண்டு என்று 2004-ல் சிஃபி என்ற இணைய நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடைசியாக, கால்நடையாக ஒரு சுற்று. உங்கள் சரக்கு போகப்போகும் ஊர்களின் மளிகைக் கடைகளில் அலமாரியைப் பாருங்கள், மொத்த வியாபாரியிடம் "இந்தப் பேர்ல ஏதாச்சும் வருதாண்ணே?" என்று கேளுங்கள். இணையத்தில் தடமே இல்லாமல் முப்பது வருடமாக மூன்று மாவட்டங்களில் ஓடும் பிராண்டுகள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்களை அந்தக் கடைக்காரருக்குத்தான் தெரியும்.

தேடியதை எல்லாம் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒன்றிரண்டு பெயர்கள் நெருங்கி வந்து குழப்பினால், அந்த ஸ்கிரீன்ஷாட்களோடு ஒரு டிரேட்மார்க் வழக்கறிஞரைப் பாருங்கள். தயார் நிலையில் போகிறவருக்கு நேரமும் கட்டணமும் மிச்சம்.

தெளிந்த பிறகு

பெயர் தேறிவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். தாக்கல் செய்யும் நாளன்று காலையில் இன்னொரு முறை தேடிவிட்டு, டிஎம்-ஏ படிவத்தை இணையத்தில் போடுங்கள். தனிநபர், ஸ்டார்ட்-அப், சிறு நிறுவனம் என்றால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சிறு நிறுவனம் என்ற சலுகைக்கு உத்யம் சான்றிதழை இணைக்க வேண்டும். தமிழ் எழுத்தில் குறியைக் கேட்டால் ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் தர வேண்டும். ஆட்சேபத்தோடு பரிசோதனை அறிக்கை வந்தால் 30 நாளில் பதில் போய்ச் சேர வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். பதிவு ஆகும்வரை பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவுக்குப் பிறகுதான்; அதற்கு முன் போட்டால் சட்டப்படி குற்றம்.

பதிவுச் சான்று கைக்கு வர எத்தனை மாதமானாலும் உரிமை விண்ணப்பித்த தேதியிலிருந்தே கணக்கு, 10 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். தேடும் பழக்கத்தை அத்தோடு விட்டுவிடாதீர்கள். டிரேட்மார்க் ஜர்னல் திங்கட்கிழமை தோறும் வெளிவருகிறது. உங்கள் பெயரின் சாயலில் யாராவது கேட்டிருந்தால் அதில் விளம்பரம் வரும், எதிர்க்க உங்களுக்கு அன்றிலிருந்து நான்கு மாதம்தான் அவகாசம்.