அச்சில் படம் பளிச்சென்று வர...

இன்டிசைனில் விழா மலரோ மாத இதழோ வடிவமைப்பவர்கள் கவனிக்க:

* படத்தை காப்பி, பேஸ்ட் செய்யாதீர்கள். கன்ட்ரோல் + டி அழுத்தி, 'பிளேஸ்' மூலம் கொண்டுவாருங்கள். மூலப் படத்தை ஃபோட்டோஷாப்பில் திருத்தினால் லிங்க்ஸ் பேனலில் மஞ்சள் முக்கோணம் தோன்றும். அதை டபுள் கிளிக் செய்தால் போதும், பக்கத்திலும் படம் மாறிவிடும்.

* நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 1200 x 1800 பிக்சல் படம் 4 x 6 அங்குலத்தில் தெளிவாக வரும். அதையே 8 x 12 அங்குலத்துக்கு இழுத்தால் 150 ஆகக் குறைந்து, முகங்கள் மங்கிவிடும். லிங்க்ஸ் பேனலில் 'எஃபெக்டிவ் பிபிஐ' எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

* வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

* குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவர் வெட்டுப்படுகிறாரா? சட்டத்தின் நடுவே தெரியும் வட்டத்தைப் பிடித்து இழுங்கள். சட்டம் அசையாது, படம் மட்டும் நகரும்.

* அளவை மாற்றும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்தியபடி மூலையைப் பிடித்து இழுங்கள். அப்போதுதான் முகம் நீளாமலும் அகலாமலும் இருக்கும்.

* தாளின் விளிம்பு வரை வரும் படத்தை 3 மி.மீ. வெளியே நீட்டி வையுங்கள். வெட்டும்போது வெள்ளைக் கோடு விழாது.

* அச்சகத்துக்கு இன்டிசைன் ஃபைலை மட்டும் அனுப்பினால் போதாது. 'பேக்கேஜ்' கொடுத்தால் படங்களும் எழுத்துருக்களும் ஒரே ஃபோல்டரில் சேர்ந்துவிடும். அதை அப்படியே கொடுங்கள்.