தறி இருக்க, நாடா எங்கே?

எங்கள் தாமலில் எவரும் அறிவர்: தறி இருந்தும் நாடா இல்லையேல் ஊடை ஓடாது. கணினியிலும் அவ்வாறே.

பி.எச்.பி. மொழியின் 4-ஆம் பதிப்பில், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தை அணுகும் நிரல் நூலகம் உடன் வந்தது. 2004-இல் வெளியான 5-ஆம் பதிப்பில், உரிமச் சிக்கலும் ஒரு காரணமாக, அது பிரிக்கப்பட்டது.

எனவே நூலகத்தையும் அதன் தலைப்புக் கோப்புகளையும் முதலில் தனியே நிறுவி, அவை இருக்குமிடத்தைக் காட்டி மொழியைத் தொகுக்க வேண்டியதாயிற்று. தவறினால், இணைப்புச் சார்பு வரையறுக்கப்படவில்லை என்ற பிழைச்செய்தி தோன்றும். குற்றம் நம் நிரலில் அன்று. 2009-இல் வந்த 5.3-ஆம் பதிப்பு, சொந்த இயக்கியைச் சேர்த்து இத்தொல்லையைக் குறைத்தது.

என்னைப்போல் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி கண்டோர், பிழைச்செய்தி கண்டதும் ‘இது நமக்கு வராது’ என ஒதுங்கலாகாது. எது உடன் வரவில்லை என்று முதலில் பார்ப்போம்.