முருங்கைக்கீரை சூப்: அவருக்கும் ஒரு கிண்ணம்

குழந்தைக்காகக் காத்திருக்கிற தங்கச்சிக்கு முதல்லயே சொல்லிடறேன்: எந்த சூப்பும் தானா கருவை உண்டாக்கிடாது. அப்படி யாராவது பொடி, லேகியம்னு விற்க வந்தா காசைக் கொடுக்காதே. ஆனா ரத்தசோகை இல்லாத, ஊட்டம் நிறைஞ்ச உடம்போட கர்ப்பத்துக்குள்ள போறது பெரிய பலம். அதுக்குத்தான் இந்த சூப்.

ரெண்டு பேருக்கு ஒரு கைப்பிடி பாசிப்பருப்பைக் குழைய வேகவை. ஒரு ஸ்பூன் நெய்யில சீரகம், தட்டின பூண்டு, சின்ன வெங்காயம் வதக்கி, தக்காளி, கேரட், பீன்ஸ் போடு. நெய்யைக் குறைச்சிடாதே, கேரட்டோட சத்து உடம்புல சேரக் கொஞ்சம் கொழுப்பு வேணும். பருப்பும் மூணு டம்ளர் தண்ணியும் ஊத்தி, காய் வெந்த பிறகு ஆய்ஞ்சு கழுவின முருங்கைக்கீரை ரெண்டு கைப்பிடி. கீரை கடைசியாத்தான் போகணும். அதுல இருக்கிற ஃபோலேட் சூட்டுல குறையும், தண்ணியிலயும் கரையும். அதனால மூணு நாலு நிமிஷம் கொதிச்சா போதும். வடிகட்டவே கூடாது, கரைஞ்ச சத்தெல்லாம் அந்தத் தண்ணியிலதான் இருக்கு. உப்பு, மிளகுத்தூள் போட்டு இறக்கி, குடிக்கும்போது எலுமிச்சை பிழிஞ்சுக்கோ. கீரையோட இரும்புச்சத்தை உடம்பு இழுத்துக்க வைட்டமின் சி உதவும். டீ, காபி அதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளி வை.

இந்த சூப்பை உனக்கு மட்டும் வைக்காதே. குழந்தை தாமதமானா பொண்ணுக்கு மட்டும் பத்தியம் போடற வழக்கம் எனக்குச் சுத்தமா பிடிக்காது. விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய ரெண்டரை மாசம் ஆகும். உன் வீட்டுக்காரரும் இப்போ இருந்தே நல்லா சாப்பிடணும், சிகரெட்டையும் குடியையும் விடணும்.

கீரை சாப்பிடறோமேன்னு ஃபோலிக் ஆசிட் மாத்திரையை விட்டுடாதே. கரு தரிக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்கணும். குழந்தையோட மூளையும் தண்டுவடமும் ஆகப்போற குழாய், கரு தரிச்ச 28 நாளுக்குள்ள மூடிடும். நாள் தள்ளிப்போச்சான்னு பலருக்கும் அப்பத்தான் சந்தேகமே வரும். சர்க்கரை நோய் இருந்தாலோ, வலிப்புக்கு மாத்திரை எடுத்தாலோ அளவு மாறும், டாக்டரைக் கேட்டுக்கோ.

ஒரு வருஷம் முயற்சி பண்ணியும் தங்கலைன்னா டாக்டரைப் பாரு. உனக்கு 35 வயசு தாண்டியிருந்தா ஆறு மாசமே போதும். மாதவிலக்கு ஒழுங்கா வரலைன்னா அதுவரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம். முதல் தடவையே ரெண்டு பேரும் சேர்ந்து போங்க, விந்தணுப் பரிசோதனை பத்தியும் அப்பவே கேட்டுக்கலாம்.