மாற்றுச் சக்கரம்

மோட்டார் வண்டியின் பின்புறம் கிடக்கும் மாற்றுச் சக்கரத்தை நம் நாட்டார் 'ஸ்டெப்னி' என்பர். அஃது உண்மையில் ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரத்து ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய டேவீஸ் உடன்பிறந்தார் இருவர், 1904ஆம் ஆண்டளவில் அதனை ஆக்கி விற்றனர். அந்நாளைய வண்டிகளில் மாற்றுச் சக்கரம் இல்லை. டயர் பழுதுற்றால் வழியிலேயே அமர்ந்து செப்பனிட வேண்டும். ஆரக்கால் இல்லாத அவர்தம் சக்கரத்தைப் பழுதுற்றதன்மேல் பிணித்து ஓட்டிச் சென்றனர்.

அன்று தேடி வாங்கிய அப்பொருளை இன்று நாம் மறந்தேவிடுகிறோம். ஓடாத டயர் கெடாது என்று எண்ணுதல் பிழை. ரப்பர் கிடந்தவாறே முதுமையுறும்; காற்றும் சிறிது சிறிதாகக் கசியும். நள்ளிரவில், மழையில், ஊரில்லா வழியில் அதனை எடுக்குங்கால் அதுவும் காற்றிழந்து கிடப்பின் யாது செய்வது? திங்கள்தோறும் நான்கு டயர்களின் காற்றை அளக்கும்போது ஐந்தாவதையும் அளத்தல் வேண்டும். வண்டி ஓடிச் சூடேறுமுன் அளப்பதே முறை. சூட்டில் அழுத்தம் மிகுந்து காட்டும். டயரின் பக்கத்தே, அது செய்யப்பட்ட காலத்தை நான்கு இலக்கங்கள் உணர்த்தும். 2319 எனில் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் என்க.

சில வண்டிகளில் மாற்றுச் சக்கரம் ஒடுங்கியதாய் இருக்கும். அது பழுது பார்க்குமிடம் வரை செல்லுதற்கே உரியது; மணிக்கு 80 கிலோமீட்டருக்குமேல் ஓட்டலாகாது.

சக்கரம் மாற்றுவோர் வண்டியைச் சமநிலத்தில் நிறுத்தி, ஜாக்கியால் உயர்த்துமுன்பே நட்டுகளைச் சிறிது தளர்த்துக. ஜாக்கி தாங்கி நிற்கும் வண்டியின் அடியில் ஒருவரும் நுழையலாகாது. புதிய சக்கரம் நிலத்தைத் தொட்டபின், நட்டுகளை எதிரெதிராக முற்றவும் இறுக்குக.