அப்பாவின் இரண்டாவது வாக்கு

பொதுத் தேர்தல் உட்பட எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கும் வயதைப் பதினாறாகக் குறைக்கப் போவதாக 2025 ஜூலையில் பிரித்தானிய அரசு அறிவித்தது. அன்றிலிருந்து ஒரே கதைதான். தமிழ்ப் பள்ளி வாசலில், கோயில் அன்னதான வரிசையில், கலியாண மண்டபத்தில், வாட்ஸ்அப் குழுவில், எங்கு போனாலும் இதே பேச்சு: "பதினாறு வயசுப் பெடியனுக்கு என்ன தெரியும்? தகப்பன் காட்டுற இடத்திலதான் புள்ளடி போடுவான். அப்பாவுக்கு ரெண்டு வோட்டு, அவ்வளவுதான்." இதைச் சொல்பவரும் பெரும்பாலும் ஓர் அப்பாதான். இரவு பத்து மணிக்குக் கைபேசியைக் கீழே வை என்று தொண்டை கிழியக் கத்தியும் பிள்ளை கேட்காத வீட்டிலிருந்துதான் வந்திருப்பார். அதே பிள்ளை வாக்குச் சீட்டைக் கையில் எடுத்ததும் திடீரென்று சொல்பேச்சுக் கேட்குமாம்.

தேர்தல் நடத்தையைப் படிப்பிப்பது என் தொழில். அதனால் ஊகத்தை விட்டுவிட்டுத் தரவைப் பார்ப்போம்.

2014 செப்டம்பர் 18 அன்று நடந்த ஸ்கொட்லாந்து சுதந்திர வாக்கெடுப்பில் பதினாறு, பதினேழு வயதினருக்கு முதன்முறையாக வாக்குரிமை கிடைத்தது. அதற்கு முன்பே எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஜான் ஐக்ஹோர்னும் சக ஆய்வாளர்களும் பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் கேள்வி கேட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரில் ஒருவரிடமும் கேட்டார்கள். இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பிள்ளைகளில் நாற்பது சதவீதத்துக்கும் அதிகமானோர் பேட்டி கண்ட பெற்றோரின் எண்ணத்திலிருந்து விலகியிருந்தார்கள். ஆம் அல்லது இல்லை என்று இரண்டே விடை உள்ள கேள்வி அது. அப்படிப்பட்ட கேள்வியில் ஒருவரையொருவர் அறியாத இருவர்கூடப் பாதிக்குப் பாதி ஒத்துப்போகலாம். இதில் அப்பாவின் இரண்டாவது வாக்கு எங்கே ஒளிந்திருக்கிறது?

மீதி அறுபது சதவீதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோரோடு ஒத்துப்போவது பதினாறு வயதுக்கு மட்டும் வருகிற நோய் இல்லை. 1965இல் அமெரிக்காவில் ஜென்னிங்ஸ், நீமி என்ற ஆய்வாளர்கள் பள்ளி இறுதியாண்டு மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் தனித்தனியே பேட்டி கண்டார்கள். கட்சிப் பற்று ஓரளவு பிள்ளைக்கு இறங்குகிறது, மற்ற அரசியல் கருத்துகள் மிகக் குறைவாகவே இறங்குகின்றன என்பதே அவர்கள் கண்டது. அப்படி இறங்கிய கட்சிப் பற்றோடு நாற்பத்தைந்து வயது வரை வாழ்கிறவர்கள் எத்தனை பேர்! தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீடு இந்தக் கட்சிதான் என்று மார்தட்டுபவரின் வாக்கை யாராவது பறிக்கிறோமா? அவரைக் கொள்கைக்காரர் என்கிறோம். மகன் அதையே செய்தால் பொம்மை என்கிறோம்.

இந்த வாதம் புதிதுமில்லை. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டபோது பிரித்தானியாவிலும் சுவிட்சர்லாந்திலும் சொல்லப்பட்டது இதுவேதான்: மனைவி கணவன் சொன்னபடிதான் போடுவாள், கலியாணமான ஆணுக்கு இரண்டு வாக்கு கிடைத்துவிடும். சுவிஸ் ஆண்கள் 1971 பெப்ரவரி வரை இதை நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்பன்செல் இன்னரோடன் மாநிலத்து ஆண்கள் 1990 ஏப்ரலில்கூட மறுத்துவிட, அதே ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. இன்றைக்கு எந்த அப்பாவாவது தன் மனைவியின் வாக்கு தன்னுடையது என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும்.

அதே சுவிட்சர்லாந்தில் கிளாரஸ் என்றொரு சிறிய மாநிலம் இருக்கிறது. 2007இல் அங்கே வாக்களிக்கும் வயதைப் பதினாறாக்கினார்கள். ஆண்டுக்கொரு முறை, மே மாதத்து ஞாயிறொன்றில், வாக்காளர்கள் நகரச் சதுக்கத்தில் கூடி எல்லோரும் பார்க்கக் கை தூக்கி முடிவெடுக்கும் இடம் அது. மகளின் கை எந்தப் பக்கம் உயர்ந்தது என்று பக்கத்தில் நிற்கும் அப்பாவுக்குத் தெரியும். பிள்ளை பயந்து அப்பாவைப் பின்பற்றும் என்ற கவலைக்கு ஐரோப்பாவில் ஓர் இடம் உண்டென்றால் அது அந்தச் சதுக்கம்தான். வயதைக் குறைத்ததும் அந்தச் சதுக்கம்தான்; வேறெந்த சுவிஸ் மாநிலத்துக்கும் முன்னால், அதே கை தூக்கலால். மற்ற இடங்களில் மறைப்புக்குப் பின்னால் பென்சிலும் பிள்ளையும் மட்டும்.

ஒரு நியாயமான கேள்வியை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தபால்மூல வாக்கு சமையலறை மேசையில் போடப்படுகிறது, அங்கே அப்பா எட்டிப் பார்க்கலாம். ஆஸ்திரியா 2007இல் வயதைப் பதினாறாகக் குறைத்த அதே சீர்திருத்தத்தில்தான் தபால் வாக்கையும் கொண்டுவந்தது. ஆனால் அந்த மேசையில் எட்டிப் பார்க்கப்படுவது மகனின் சீட்டு மட்டுமா? ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பாட்டியின் சீட்டை யார் நிரப்புகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் வீடுகளில் செல்வாக்கு ஓடும் திசையே வேறு. நகரசபைக் கடிதத்தை வாசித்துச் சொல்வது பிள்ளை. வேட்பாளரின் துண்டுப் பிரசுரத்தை ஜேர்மன் மொழியிலிருந்து தமிழில் சொல்வதும் பிள்ளை. பள்ளியில் தேர்தல் பாடம் நடந்தால் பிள்ளைகள் அந்தப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவந்து பெற்றோரின் அக்கறையையும் கூட்டுகிறார்கள் என்று மெக்டெவிட், சாஃபி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் காட்டினார்கள். அவர்கள் எங்கள் புலம்பெயர் வீடுகளுக்கு வந்திருந்தால் வேலை இன்னும் சுலபமாக முடிந்திருக்கும். அப்பாவுக்கு இரண்டு வாக்கு என்கிறீர்கள். பல வீடுகளில் மகளுக்குத்தான் மூன்று.

பெற்றோரின் கை இருக்கும் ஓரிடம் உண்டு. பிள்ளை வாக்களிப்பு நிலையத்துக்குப் போகுமா இல்லையா என்பது வீட்டைப் பொறுத்தது. ஆஸ்திரியாவின் வீயன்னாவிலும் கிரெம்ஸ் நகரிலும் ஸெக்லோவிட்ஸ், ஐக்ஹோல்ஸர் என்ற ஆய்வாளர்கள் வாக்காளர் இடாப்பையே எடுத்துப் பார்த்தார்கள். "வாக்களித்தீர்களா?" என்று கேட்டால் சனம் கூச்சத்துக்காகவாவது ஆம் என்று சொல்லும், இடாப்பில் குறி இருக்கிறதா இல்லையா என்பதில் பொய் இல்லை. பதினாறு, பதினேழு வயதினர் பதினெட்டிலிருந்து இருபது வரையானவர்களைவிட அதிகமாக வந்திருந்தார்கள். காரணம் எளிது. பதினாறில் பிள்ளை வீட்டில் இருக்கிறது, பள்ளியில் இருக்கிறது, அம்மா கிளம்பும்போது கூடக் கிளம்புகிறது. பத்தொன்பதில் வேறு நகரத்தில் வாடகை அறையில் படுத்திருக்கிறது. முதல் வாக்கைப் போடத் தோதில்லாத வயதாகப் பார்த்துத்தான் இவ்வளவு காலமும் பதினெட்டை வைத்திருந்தோம்.

இதிலேயே அடுத்த கதையும் அடிபட்டுப் போகிறது. "உரிமை கொடுத்தாலும் வர மாட்டார்கள்" என்பவர்கள் ஸ்கொட்லாந்தைப் பார்க்கட்டும். 2014 வாக்கெடுப்புக்குப் பிறகு தேர்தல் ஆணையம் செய்த கணக்கெடுப்பில் பதினாறு, பதினேழு வயதினரில் 75 சதவீதம் பேர் வாக்களித்ததாகச் சொன்னார்கள். பதினெட்டு முதல் இருபத்துநான்கு வரையானவர்களில் 54 சதவீதம்தான். இது வாய்மொழிக் கணக்கு, கொஞ்சம் ஊதியிருக்கும். ஆனால் இரண்டு குழுவும் ஊதியிருக்கும். பதினாறில் தொடங்கியவர்களிடம் அந்தப் பழக்கம் இருபதுகளிலும் நீடித்ததாக 2021 தேர்தலுக்குப் பின் அதே ஐக்ஹோர்ன் கண்டார்.

"இது இடதுசாரிகளின் தந்திரம்." 2024 ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் ஜேர்மனி முதன்முறையாகப் பதினாறு வயதினரை அனுமதித்தது. இருபத்துநான்கு வயது வரையானவர்களில் முதலிடம் பிடித்தது பழமைவாதக் கூட்டணி, 17 சதவீதம். ஒரு சதவீதம் பின்னால் நின்றது தீவிர வலதுசாரி ஏஎஃப்டி. ஐந்தாண்டுக்கு முன் 34 சதவீதம் வாங்கிய பசுமைக் கட்சி 11க்கு விழுந்தது. தந்திரம் செய்தவர்கள் இவ்வளவு மோசமாகவா கணக்குப் போடுவார்கள்?

"மூளை வளரவில்லை." எந்த மூளை? நண்பர்கள் சூழ, வேகமும் வெறியுமாக எடுக்கும் முடிவில் இளையோர் தடுமாறுவது உண்மை. நேரமெடுத்து யோசிக்கும் முடிவுகளில் பதினாறு வயதளவில் பெரியவர்களின் மட்டத்தை எட்டிவிடுகிறார்கள் என்பது உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கின் முடிவு. தேர்தலுக்கு வாரக்கணக்கில் நேரமிருக்கிறது. இங்கிலாந்தில் பத்து வயதுப் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம் என்று சட்டம் சொல்கிறது. அப்போது மட்டும் மூளை வளர்ந்துவிடுகிறது போலும்.

"ஐரோப்பா முழுக்கப் பதினாறாகிவிட்டது, ஐரோப்பிய ஒன்றியத்தின் உத்தரவு." இது மறுபக்கத்துக் கதை, ஆதரவாளர்கள் பரப்புவது. பொய். தேசியத் தேர்தலில் பதினாறு என்று ஆஸ்திரியா 2007இலும் மால்டா 2018இலும் வைத்தன, கிரேக்கத்தில் பதினேழு. நாடு முழுவதற்குமான தேர்தல்களில் ஜேர்மனியும் பெல்ஜியமும் ஐரோப்பியத் தேர்தலுக்கு மட்டும் பதினாறை வைத்தன. பெரும்பாலான நாடுகளில் இன்னும் பதினெட்டுதான். ஒன்றியம் முழுவதற்கும் பதினாறு வேண்டும் என்று 2022 மே மாதம் ஐரோப்பியப் பாராளுமன்றம் தீர்மானம் போட்டது, உறுப்பு நாடுகள் அதைக் கிடப்பில் போட்டன.

"எங்கட பிள்ளையளுக்கு இந்த நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை, இது எங்களுக்கில்லை." இதைச் சொல்பவரிடம்தான் எனக்குக் கோபம் அதிகம் வருகிறது. இலங்கையும் இந்தியாவும் பொதுநலவாய நாடுகள். அந்தக் கடவுச்சீட்டோடு சட்டப்படி பிரித்தானியாவில் வாழ்பவர் பொதுத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் உள்ளூராட்சிக்கும் அந்நாடுகளின் சொந்தப் பாராளுமன்றங்களுக்கும் பதினாறு வயதிலேயே வாக்களிக்கலாம். பெயரைப் பதிய வாக்களிக்கும் வயது வரை காத்திருக்கவும் தேவையில்லை: இங்கிலாந்தில் பதினாறில் பதியலாம், ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் பதினான்கிலேயே.

வயதைப் பற்றிச் சண்டை பிடிப்பவர்கள் கண்டுகொள்ளாத தடைகள் வேறு. 2014 வரை பிரித்தானியாவில் குடும்பத் தலைவர் ஒரே படிவத்தில் வீட்டிலுள்ள எல்லோர் பெயரையும் எழுதி அனுப்பினார். இப்போது ஆளுக்காள் தனியே பதிய வேண்டும். அது சரியானதுதான், ஆனால் ஆண்டுக்கொரு முகவரி மாற்றும் மாணவர்கள் இடாப்பிலிருந்து உதிர்ந்துபோகிறார்கள். ஜேர்மனியில் ஊர்ப் பதிவேட்டில் பெயர் இருந்தால் வாக்குரிமை அறிவித்தல் தானாக வீட்டுக்கு வரும். அடுத்தது அடையாள அட்டை. பிரித்தானியாவில் வாக்களிக்க 2023இலிருந்து படமுள்ள அட்டை வேண்டும் என்றார்கள். லண்டனில் அறுபது வயதுக்காரரின் இலவசப் பயண ஒய்ஸ்டர் அட்டை செல்லும் என்று பட்டியலில் போட்டார்கள். பதினெட்டு வயதுக்காரரின் ஒய்ஸ்டர் அட்டையைச் சேர்க்கவில்லை. இரண்டிலும் படம் இருக்கிறது. இதற்கு ஒரு கலியாண மண்டபத்திலும் யாரும் குரல் உயர்த்தி நான் கேட்கவில்லை.

சரி, நாட்டை விடுங்கள். எங்கள் சங்கங்களுக்கு வருவோம். எனக்கு இதைச் சொல்லாமல் தூக்கம் வராது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஐரோப்பிய அவையின் இளையோர் துறையில் அரசாங்கப் பிரதிநிதிகளும் இளையோர் அமைப்புகளின் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் சமமாக உட்கார்ந்து நிகழ்ச்சித் திட்டத்தையும் பணத்தையும் முடிவு செய்கிறார்கள். பல பத்தாண்டுகளாக நடக்கிறது, வானம் இடிந்து விழவில்லை. நோர்வேயில் யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாயினி குணரத்தினம் தொழிற்கட்சியின் இளையோர் அணியில் வளர்ந்தவர். பத்தொன்பது வயதில் ஒஸ்லோ நகரசபைக்கு வந்தார். 2011இல் உட்டோயாத் தீவுப் படுகொலையிலிருந்து நீந்தித் தப்பினார். 2015இல் துணை நகரமுதல்வர், 2021இல் பாராளுமன்ற உறுப்பினர். அவர் படத்தைப் போட்டு வாழ்த்து மடல் அடிக்காத சங்கம் உண்டா? அவரை வளர்த்தது ஒரு கட்சியின் இளையோர் அணி. அதில் பிள்ளைகளே தலைவரைத் தெரிவு செய்தார்கள், பிள்ளைகளே தீர்மானம் எழுதினார்கள். நாங்கள் பிள்ளைகளிடம் கேட்பது பொங்கல் விழாவுக்கு ஒரு நடனமும் நாற்காலி அடுக்க நாலு கையும்.

நான் வாசித்த சங்க யாப்புகள் சிலவற்றில் குடும்ப அங்கத்துவம் என்று ஒரு பிரிவு வருகிறது. சந்தா குடும்பத்துக்கு ஒன்று, பொதுச்சபையில் வாக்கும் குடும்பத்துக்கு ஒன்று, கையெழுத்து அப்பாவினது. மனைவியின் வாக்கும் இருபத்துமூன்று வயது மகளின் வாக்கும் அந்த ஒரு கையெழுத்துக்குள் போய்விடுகின்றன. அரசாங்கத் தேர்தலில் இல்லாத அப்பாவின் இரண்டாவது வாக்கு இங்கே எழுத்திலேயே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் மற்ற இடத்தில் அதைப் பற்றிக் கவலைப்படுகிறோம்.

அடுத்த பொதுச்சபைக் கூட்டத்துக்கு இரண்டு திருத்தம் போதும். பதினாறு வயதிலிருந்து தனி அங்கத்துவம், தனி வாக்கு. செயற்குழுவில் இருபத்தைந்துக்குக் கீழ்ப்பட்ட இருவருக்காவது இடம், பொருளாளர் பதவிக்கும் அவர்கள் போட்டியிடலாம். யாப்புத் திருத்தத்துக்குக் கோரம் காணாது என்று செயலாளர் சொல்வார். பதினாறு வயதுக்காரரையும் அங்கத்தவராக்கினால் கோரத்துக்கு ஆள் சேரும். அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.