அலுமாரிக்குப் பின்னால் ஒரு பங்கசுத் தோட்டம்

மாரி பிறந்தால் எங்கள் அறையில் அலுமாரிக்குப் பின்சுவர் கறுத்துவிடும். பூஞ்சணம். அங்கே படுக்கும் தம்பிக்கு இழுப்பு. உம்மா காய்ந்த தும்புத்தடியால் தேய்ப்பார். இரண்டு கிழமையில் திரும்பவும் வரும். காய்ந்தபடி தேய்த்தால் வித்திகள் அறையெங்கும் பறக்கும் என்பது உயிரியல் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சென்ற டிசம்பரில் நானே இறங்கினேன். இரண்டும் சேர்ந்தால் வலு கூடும் என்று நினைத்து, வெளிற்றும் திரவத்தில் வினாகிரியை ஊற்றினேன். கண்ணும் தொண்டையும் எரிய வெளியே ஓடினேன். சோடியம் ஐப்போகுளோரைற்றுடன் அமிலம் சேர்ந்தால் வெளிவருவது குளோரீன் வாயு. இரசாயனவியல் படிக்கிறவள் என்று சொல்லவே வெட்கம். தயவுசெய்து யாரும் கலக்காதீர்கள்.

இப்போது தம்பியை வெளியே அனுப்பி, யன்னலைத் திறந்து, மூக்கை மூடிக்கொண்டு, சவர்க்கார நீரில் நனைத்த சீலையால் துடைக்கிறோம். உடனே மின்விசிறி. அலுமாரி சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. சாரீரப்பதன் 60 வீதத்தைத் தாண்டி நின்றால் பங்கசுக்குப் பெருநாள்தான்.

ஆனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் பார்த்திருக்கவில்லை. வாப்பா ஏணி வைத்து ஏறினார். பீலி வெடித்து, மழைநீர் முழுவதும் அந்தச் சுவரில்தான் ஊறியிருந்தது. அதைத் திருத்தினோம்.

இந்த மாரியில் தம்பியின் பம்ப் இரண்டு தரம்தான் வெளியே வந்தது.