டேப்பில் ஒரு நகல் (கணினி அறிவோம்)

ஐ.பி.எம். 1988-ல் வெளியிட்ட ஏ.எஸ்/400, கம்பெனிக் கணக்குகளுக்கான நடுத்தரக் கணினி. ஃபைல்கள் டிஸ்க்கில் இருக்கும். வேலை முடிந்ததும் 'சேவ்லிப்' கட்டளை கொடுத்து டேப்பில் நகல் எடுப்பார்கள். பாட்டு கேசட்டில் ஓடுமே, அதே காந்த நாடாதான்.

இன்னொரு டிஸ்க்கில் வெச்சா போதாதா? போதாது. 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழையால் ஜிமெயிலில் பலருடைய கடிதங்கள் காணாமப் போச்சு. கூகுள் வெவ்வேறு இடங்களில் வைத்திருந்த நகல்களும் சேர்ந்தே அழிந்தன. தனியே கழற்றி வைத்த டேப்பில்தான் அவை பிழைத்திருந்தன!

சரி, டேப்பைக் கணினி பக்கத்திலேயே வெச்சா? 2023 டிசம்பரில் நம்ம மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தரைத்தள அறை என்றால் ரெண்டுமே தண்ணிக்குள்ளதான். அதனால் டேப்பை வேறு ஊரில் வைப்பார்கள். அவ்வப்போது ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்து, சரியா வருதான்னும் பார்ப்பார்கள்.